பயாஸிலேயே எஸ்எஸ்டி தெரியவில்லை. உள்ளே அடுத்த ஆண்டுக் காலண்டர் முழுவதும் இருக்கிறது

தாள்காரி, சிவகாசி
ஜூலை 6, இரவு 10.15

வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படித்து வழி சொல்ல வேண்டும்.

நான் தினசரி காலண்டருக்குத் தாள் வடிவமைக்கிறேன். வீட்டிலிருந்தே வேலை. ஒரு தாளில் தமிழ்த் தேதி, திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், விரதம், பண்டிகை எல்லாம் வர வேண்டும். ராகு காலம் கிழமையோடு போய்விடும். திங்கள் என்றால் ஏழரை முதல் ஒன்பது, அதில் குழப்பமில்லை. திதியும் நட்சத்திரமும் அப்படியல்ல. பஞ்சாங்கத்தில் நாழிகை, விநாழிகையாக இருப்பதை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று பெருக்கி, அன்றைய சூரிய உதயத்தோடு கூட்டி, மணிக்கணக்காக்கி ஒவ்வொரு தாளிலும் போட வேண்டும். நான் ஒரு நாளைத் தவறாகப் போட்டால் யாரோ ஒரு வீட்டில் சஷ்டி விரதம் தவறிப்போகும். அந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு தாளையும் இரண்டு முறை பார்ப்பேன். அடுத்த ஆண்டுக்கு அக்டோபர் 20 வரை முடித்துவிட்டேன். ஆடிப்பெருக்கன்று காலண்டர் மாதிரி ஆல்பம் வெளியிடுவார்கள், அதற்குள் முழு ஆண்டும் கைக்கு வர வேண்டும் என்று அச்சகத்தில் சொல்லியிருக்கிறார்கள்.

லேப்டாப் 2018இல் வாங்கியது. 15.6 அங்குலத் திரை, எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். வாங்கும்போது 1 டிபி ஹார்ட் டிஸ்க் இருந்தது. மிகவும் மெதுவாக ஓடியதால் 2021இல் ஒரு கடையில் அதை எடுத்துவிட்டு 500 ஜிபி எஸ்எஸ்டி போட்டுக் கொடுத்தார்கள். தட்டையான பெட்டி போல் இருக்குமே, 2.5 அங்குல சாட்டா வகை, அதுதான்.

போன வாரம் தொடங்கியது கோளாறு. வேலை செய்துகொண்டிருக்கும்போதே எல்லாம் உறைந்து நின்றுவிடும். மவுஸ் அம்பு மட்டும் நகரும். அரை நிமிடம் கழித்துத் தானாகச் சரியாகும். வியாழக்கிழமை மின்சாரம் போனதால், மேசையிலிருந்து எடுத்துத் திண்ணையில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உடனே நீலத் திரை. அணைத்துப் போட்டபோது வந்தது. சனிக்கிழமை காலையில் கருப்புத் திரையில், இயக்குவதற்கு எந்த டிஸ்க்கும் இல்லை என்று ஒரே வரி. எஃப்2 அழுத்தி, விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே வரும் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். வழக்கமாக எஸ்எஸ்டியின் பெயர் இருக்கும் இடம் காலியாக இருக்கிறது. நேற்று ஒரு முறை மட்டும் பெயர் வந்தது. விண்டோஸ் பாதி ஏறும்போதே மீண்டும் போய்விட்டது.

இங்கே ஒரு கடையில் காட்டினேன். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, "எஸ்எஸ்டி செத்துவிட்டது, மதர்போர்டிலும் சந்தேகம் இருக்கிறது. புதியது போட்டு விண்டோஸ் ஏற்றித் தருகிறோம், 4,500 ரூபாய்" என்றார்கள். பழைய கோப்புகளைக் கேட்டேன். கையை விரித்துவிட்டார்கள். பென் டிரைவில் நான் கடைசியாக நகல் எடுத்தது வைகாசி மாதம். அதில் மே 31 வரையான தாள்கள்தான் இருக்கின்றன. மீதி ஏறக்குறைய ஐந்து மாதத் தாள்களை மறுபடி கணக்கிட்டு, மறுபடி பிழை பார்க்க இப்போது நாளில்லை.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். உண்மையிலேயே செத்துவிட்டதா? அதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

---

திருப்புளி, மதுரை
ஜூலை 6, இரவு 11.02

சகோதரி, முதலில் இதைப் படியுங்கள். அந்த எஸ்எஸ்டியில் விண்டோஸ் ஏற்ற யார் கையிலும் கொடுக்காதீர்கள். "ஒரு தடவை ஃபார்மேட் செய்து பார்க்கலாமே" என்று யார் சொன்னாலும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கில் அழித்ததைக்கூட ஓரளவு மீட்கலாம். எஸ்எஸ்டியில் அழித்தால், டிரிம் என்ற வேலை பின்னாலேயே வந்து அந்த இடத்தைத் துடைத்துவிடும். பிறகு யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். பயாஸிலேயே பெயர் வரவில்லை என்றால் விண்டோஸைக் குறை சொல்ல இடமில்லை. விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே நடக்கும் சோதனை அது. மிச்சம் மூன்று இருக்கின்றன: எஸ்எஸ்டி, அதை மதர்போர்டோடு சேர்க்கும் கேபிள், மதர்போர்டு. உங்கள் கடைக்காரர் முதலாவதையும் மூன்றாவதையும் சொல்லிவிட்டு நடுவில் இருப்பதை விட்டுவிட்டார்.

நீங்கள் எழுதியதில் ஒரு வரியை நான் மூன்று முறை படித்தேன். மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்ததும் நீலத் திரை வந்தது என்கிறீர்கள். எஸ்எஸ்டிக்குள் அசையும் உறுப்பே கிடையாது. சுழலும் தட்டு இல்லை, ஊசி இல்லை, வெறும் சில்லுகள். அதைத் தூக்கினாலும் வைத்தாலும் அதற்கு ஒன்றுதான். தூக்கும்போது போகிறது, சும்மா இருக்கும்போது சில சமயம் வருகிறது என்றால், கோளாறு அசைகிற இடத்தில் இருக்க வேண்டும். 15.6 அங்குல லேப்டாப்பை நாம் பெரும்பாலும் ஒரு பக்கத்து முனையைப் பிடித்துத்தான் தூக்குவோம். கைவைக்கும் பலகை லேசாக வளையும். பல மாடல்களில் அதற்கு நேர் கீழேதான் எஸ்எஸ்டி இருக்கிறது.

அங்கிருந்து மதர்போர்டுக்கு ஒரு மெல்லிய ரிப்பன் கேபிள் போகும். ஒரு முனையில் எஸ்எஸ்டியின் 7 முனைத் தரவு இணைப்பையும் 15 முனை மின் இணைப்பையும் சேர்த்துப் பிடிக்கும் கறுப்புக் கட்டை இருக்கும். மறுமுனை மதர்போர்டில் ஒரு சிறு பூட்டுக்குள் செருகியிருக்கும். 2021இல் டிஸ்க் மாற்றியபோது அதைக் கழற்றித்தான் மாட்டியிருப்பார்கள்.

மூன்று கேள்விகள். கடையில் எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்த்தார்களா? எந்தப் பக்கத்தைப் பிடித்துத் தூக்குவீர்கள்? உறைந்து நின்றபோது வேலையின் நடுவில் கை அழுத்தம் எங்கே இருந்தது?

---

ஆய்வகத் தம்பி, திருநெல்வேலி
ஜூலை 7, காலை 6.40

அக்கா, நான் ஒரு பாலிடெக்னிக் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எஸ்எஸ்டி பயாஸில் காணாமல் போவதற்கு வேறொரு காரணமும் உண்டு. எந்தத் தரவு எந்தச் சில்லில் இருக்கிறது என்று அது தனக்குள் ஓர் அட்டவணை வைத்திருக்கும். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்த அட்டவணை குழம்பி, யார் கூப்பிட்டாலும் பதில் சொல்லாமல் கிடக்கும். அப்படியானால் பயாஸ் திரையிலேயே 20 முதல் 30 நிமிடம் விட்டுவைத்து, அணைத்து அரை நிமிடம் காத்திருந்து, மறுபடி அதையே செய்ய வேண்டும். மின்சாரம் மட்டும் கிடைத்து யாரும் வேலை சொல்லாமல் இருந்தால் சில எஸ்எஸ்டிகள் அட்டவணையைத் தாமே சீராக்கிக்கொள்ளும். ஆய்வகத்தில் இரண்டு முறை இப்படிப் பிழைத்திருக்கிறது.

பென் டிரைவில் உபுண்டு என்ற இயங்குதளத்தைப் போட்டு, நிறுவாமல் அப்படியே இயக்கியும் பார்க்கலாம். கணினி தன் பாகங்களைப் பற்றி எழுதிவைக்கும் குறிப்புகளைக் காட்டும் டிமெஸ்ஜி கட்டளையில் "சாட்டா லிங்க் டவுன்" என்று வந்தால், மறுமுனையிலிருந்து எந்தப் பதிலும் இல்லை என்று பொருள். லிங்க் வருவதும் போவதுமாக இருந்தால் கேபிள்தான் என்று நானும் சொல்வேன்.

இன்னொன்று. எஸ்எஸ்டியை வெளியே எடுத்து வேறு கணினியில் மாட்டும்போது, டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் சாவி கேட்டால் பதற வேண்டாம். 48 இலக்க எண் அது. மைக்ரோசாஃப்ட் கணக்கு வைத்து விண்டோஸில் நுழைந்திருந்தால், பெரும்பாலும் அந்தக் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இப்போதே கைப்பேசியில் அந்தக் கணக்கின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.

---

வைகைக்கரை
ஜூலை 7, காலை 8.05

ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் இரவு முழுவதும் வைத்து எடுத்தால் ஒருமுறை ஓடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அந்த ஒருமுறையில் நகல் எடுத்துக்கொள்ளலாமே.

---

திருப்புளி, மதுரை
ஜூலை 7, காலை 8.20

நல்ல மனதோடு சொல்கிறீர்கள் ஐயா, ஆனால் தயவுசெய்து வேண்டாம். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இறுகிப்போன உறுப்பு குளிரில் சுருங்கி விடுபடும் என்ற நம்பிக்கையில் செய்தது அது. எஸ்எஸ்டியில் இறுகுவதற்கு ஒன்றுமே இல்லை. வெளியே எடுத்ததும் நம் ஊர்க் காற்றின் ஈரம் முழுவதும் அதன் மேல் வியர்த்து நிற்கும். நல்ல எஸ்எஸ்டியும் அதோடு போய்விடும்.

தம்பி சொன்ன அரை மணி நேர முறை சரியானதுதான், நானும் செய்திருக்கிறேன். ஆனால் லேப்டாப்பில் மின்சாரமும் தரவும் ஒரே ரிப்பனில்தான் போகின்றன. ரிப்பன் விட்டிருந்தால் எஸ்எஸ்டிக்கு மின்சாரமே போய்ச் சேராது, பயாஸில் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பயனில்லை. ஆகவே முதலில் எஸ்எஸ்டியை வெளியே எடுங்கள். யுஎஸ்பி கேசிங் ஒன்று வாங்கி அதில் போட்டு வேறு கணினியில் மாட்டுங்கள். 2.5 அங்குல எஸ்எஸ்டிக்கு யுஎஸ்பியில் வரும் 5 வோல்ட்டே போதும். அதிலும் வரவில்லையென்றால், அதே கேசிங்கை வெறும் கைப்பேசி சார்ஜரில் அரை மணி நேரம் மாட்டி வையுங்கள். தம்பி சொன்ன முறைதான், தடையில்லாத மின்சாரத்தோடு.

திறக்கும்போது: சார்ஜரைக் கழற்றுங்கள். அடிமூடி எடுத்தவுடன் வேறு எதையும் தொடுவதற்கு முன் பேட்டரி இணைப்பைப் பிடுங்குங்கள். திருகாணிகளைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு தாளில் குத்தி வையுங்கள், நீளம் வேறுபடும். ரப்பர் கால்களுக்கு அடியிலும் இருக்கும். மூடி வர மறுத்தால் நெம்பாதீர்கள், எங்கோ ஒரு திருகாணியை விட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

மாட்டியவுடன் விண்டோஸ் "ஃபார்மேட் செய்ய வேண்டுமா" என்று கேட்டால் வேண்டாம் என்று மூடிவிட்டு இங்கே வாருங்கள்.

---

தாள்காரி, சிவகாசி
ஜூலை 8, இரவு 9.40

அண்ணா, தம்பி, இருவரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். கோப்புகள் இருக்கின்றன. அக்டோபர் 20 வரை ஒன்றுகூடக் குறையவில்லை.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன், பின்னால் இதே கோளாறோடு வருகிறவர்களுக்குப் பயன்படட்டும்.

கேள்விகளுக்கு முதலில் பதில். கடையில் வேறு கணினியில் போட்டுப் பார்க்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டேன். நான் எப்போதும் வலது கையால், வலது முன் முனையைப் பிடித்துத்தான் தூக்குவேன். உறைந்து நின்றதெல்லாம் தட்டச்சு செய்யும்போது அல்ல, மவுஸை விட்டுவிட்டுப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதற்காக வலது முழங்கையை ஊன்றிச் சாய்ந்தபோதுதான். நீங்கள் கேட்கும் வரை அதை நான் கவனித்ததே இல்லை.

நேற்று மாலை பெரிய மேசையை ஒழித்துவிட்டு உட்கார்ந்தேன். மொத்தம் 13 திருகாணிகள். இரண்டு பின்பக்க ரப்பர் பட்டைக்கு அடியில் ஒளிந்திருந்தன. மூடி வரவில்லை, நெம்பக் கை போனது, உங்கள் வரி நினைவுக்கு வந்து நிறுத்தினேன். டிவிடி டிரைவை வெளியே இழுத்ததும் அதன் பள்ளத்தில் இன்னும் ஒன்று இருந்தது. அதைக் கழற்றியதும் மூடி தானாக வந்தது.

பேட்டரியைப் பிடுங்கிவிட்டு எஸ்எஸ்டியைப் பார்த்தேன். அது உட்காரும் தகரச் சட்டத்தில் நான்கு துளைகள் இருக்கின்றன. இரண்டில்தான் திருகாணி இருந்தது, அதுவும் இரண்டும் ஒரே பக்கம். இன்னொரு பக்கம் விரலால் தொட்டால் எஸ்எஸ்டி எழும்பி எழும்பி இறங்கியது. அப்படி ஒவ்வொரு முறை எழும்பும்போதும் ரிப்பனும் கூடவே இழுபட்டது. ரிப்பன் ஓரிடத்தில் திரும்பி மடிந்து போகிறது. மகனின் கணிதப் பெட்டியில் இருந்த பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் மங்கிய கறுப்பு. அந்த மடிப்பில் மட்டும் முடி அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. புடவையை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் வைத்தால் ஜரிகை விட்டுப்போகுமே, அச்சு அசல் அப்படி.

அக்கா மகனின் லேப்டாப்பில் கேசிங் வழியாக மாட்டினேன். கேசிங் 350 ரூபாய். மாட்டிய நொடியில் "டுங்" என்று சத்தம் வந்து டிரைவ் திறந்தது. பிட்லாக்கர் கேட்கவில்லை. எதையும் திறந்து பார்க்கக்கூட இல்லை, முதல் வேலையாகக் காலண்டர் கோப்புறையை முழுவதுமாக இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

ஒரு சந்தேகம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலில் எஸ்எஸ்டியின் உடல்நிலையைப் பார்த்தோம். "நன்று" என்றுதான் காட்டுகிறது. 05 என்ற வரிசையில் எல்லாம் பூஜ்யம். ஆனால் சி7 என்ற வரிசையில் மட்டும் நிறைய பூஜ்யத்துக்குப் பிறகு 90ஏ என்று எழுத்தோடு ஏதோ இருக்கிறது. இது ஆபத்தா? இதே எஸ்எஸ்டியை நம்பலாமா?

---

ஆய்வகத் தம்பி, திருநெல்வேலி
ஜூலை 8, இரவு 10.05

அக்கா, அந்த எழுத்து உங்களைப் பயமுறுத்த வேண்டாம். அந்த நிரல் எண்களைப் பதினாறடிமான முறையில் காட்டுகிறது, அதனால்தான் நடுவில் எழுத்து வருகிறது. 90ஏ என்பது நம் கணக்கில் 2,314. சி7 என்பது 199ஆம் வரிசை.

உங்கள் கதையின் சாட்சியே அந்த வரிசைதான். எஸ்எஸ்டிக்கும் மதர்போர்டுக்கும் நடுவில் தரவு போகும்போது வழியில் சிதைந்து, "திரும்ப அனுப்பு" என்று கேட்க நேர்ந்த எண்ணிக்கை அது. எஸ்எஸ்டியின் சில்லுகள் கெட்டால் 05 ஏறும். வழி கெட்டால் 199 ஏறும். உங்களுக்கு 05 பூஜ்யம், 199 இரண்டாயிரத்துக்கு மேல். கடைக்காரர் இந்தத் திரையை ஒரு நிமிடம் பார்த்திருந்தால் 4,500 ரூபாய் என்று சொல்லியிருக்க மாட்டார். எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது, இப்படி எத்தனை நல்ல எஸ்எஸ்டிகளைக் குப்பையில் போடுகிறோமோ.

இந்த எண் இனிக் குறையாது, அது ஆயுள் கணக்கு. புதுக் கேபிள் போட்ட பிறகு 2,314இலேயே நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

---

திருப்புளி, மதுரை
ஜூலை 9, காலை 7.15

மகிழ்ச்சி சகோதரி. நகல் எடுத்த பிறகு அடுப்பைப் பற்றவைத்தீர்களே, அதுதான் சரியான வரிசை.

கேபிள் வாங்கும்போது லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை ரிப்பன் வரும்; நீளமும் முனை எண்ணிக்கையும் வேறுபடும். ரிப்பனிலேயே சிறு எழுத்தில் ஒரு பாக எண் அச்சிட்டிருக்கும். அதைப் படம் எடுத்து, அதே எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சென்னை ரிச்சி தெருவில் தெரிந்தவர் இருந்தால் அந்தப் படத்தை அனுப்பினால் போதும். இணையத்திலும் அந்த எண்ணைப் போட்டுத் தேடினால் கிடைக்கும்.

பழைய ரிப்பனின் மடிப்பில் செல்லோ டேப் ஒட்டிச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். இரண்டு நாள் ஓடும், பிறகு எழுதிக்கொண்டிருக்கும்போது போகும். இப்போது தப்பித்த எஸ்எஸ்டி அப்போது தப்பிக்காமல் போகலாம்.

மாட்டும்போது மதர்போர்டில் இருக்கும் பூட்டை நகத்தால் மெதுவாகத் தூக்குங்கள், இழுக்காதீர்கள். அது உடைந்தால் அப்புறம் உண்மையிலேயே மதர்போர்டு வேலை. ரிப்பன் நேராக, கடைசி வரை உள்ளே போன பிறகு பூட்டை அழுத்துங்கள். பழையது மடிந்த அதே இடத்தில் கூர்மையாக மடிக்காமல் கொஞ்சம் வளைவாக விடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சட்டத்தின் நான்கு துளைகளிலும் திருகாணி போடுங்கள். இந்த ரிப்பன் தானாகத் தேயவில்லை. இரண்டு திருகாணி இல்லாததால் ஆண்டுக்கணக்கில் ஆடி ஆடி அறுந்திருக்கிறது. அந்த இரண்டும் சேர்ந்து ஐந்து ரூபாய்கூட இருக்காது.

---

தாள்காரி, சிவகாசி
ஜூலை 21, மாலை 6.30

கேபிள் ஆறாம் நாள் வந்தது, அனுப்பும் செலவோடு 420 ரூபாய். பாக எண் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தியது. அதுவரை அக்கா மகனின் லேப்டாப்பில், கேசிங்கை மாட்டியபடியே இரவில் வேலை செய்தேன், அதனால் ஒரு நாளும் வீணாகவில்லை.

திருகாணி நான்கும் போட்டாயிற்று. எங்கள் தெருவில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவர் தம் டப்பாவில் தேடி, சரியான அளவில் இரண்டு எடுத்துக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் கடையிலும் எங்கள் காலண்டர்தான் தொங்குகிறது.

பயாஸில் பெயர் முதல் முறையிலேயே வந்தது. ஆறு நாளாகிறது. தினமும் காலையில் சி7 வரிசையைப் பார்க்கிறேன், 90ஏ அசையவில்லை. முழங்கையை ஊன்றியும் பார்த்தேன், மடியில் வைத்தும் பார்த்தேன். ஒரு முறைகூட உறையவில்லை. ஒவ்வொரு மாதத் தாள்களும் முடிந்தவுடன் இரண்டு பென் டிரைவில் நகல் எடுக்கிறேன். ஒன்று பீரோவில், ஒன்று அக்கா வீட்டில்.

நேற்று இரவு டிசம்பர் 31ஆம் தேதித் தாளை முடித்தேன். இன்று காலை முதல் கடைசி முறையாகப் பிழை பார்க்கிறேன், மார்ச் வரை வந்திருக்கிறேன். மாசி மாதத்தில் ஒரு நாள் பிரதோஷம் ஒரு தாள் தள்ளி விழுந்திருந்தது, திருத்திவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சகத்தில் கொடுத்துவிடுவேன்.